காய்ச்சல் வராத குழந்தை

மனிதர்களிடம் எனக்குப் பிடிக்காத பாகம் வாய். பேச்சைச் சொல்லவில்லை, அதுவும் பிடிக்காதுதான், ஆனால் அது வேறு கணக்கு. நான் சொல்வது அந்த ஈரமான ஓட்டையை. அதிலிருந்து தெறிப்பதும் ஒழுகுவதும், பல்லிடுக்கில் தங்கி நாறுவதும், பிறகு அதே வாயைக் குவித்துக்கொண்டு ஒரு பச்சைக் குழந்தையின் முகத்தின் மேல் கவிழ்வதும். நினைத்தாலே எனக்குக் குமட்டும். இதை வீட்டில் ஒரு தரம் சொன்னதிலிருந்து எனக்குப் பெயர் 'சோப்பு'. தங்கச்சிக்கு மகள் பிறந்ததும் பதவி உயர்வு கிடைத்தது: சோப்புப் பெரியம்மா.

எனக்கு வேலை ஓர் ஆய்வுக்கூடத்தில். பிரசவ வார்டில் தொப்புள்கொடியை வெட்டிய பிறகு அதில் மிச்சமிருக்கும் ரத்தத்தை ஊசியால் இழுத்து, குழாயில் அடைத்து, தெர்மாகோல் பெட்டியில் வைத்து அனுப்புவார்கள். அதை மெஷினில் சுற்றவிட்டால் அடியில் சிவப்பு, மேலே மஞ்சள், நடுவில் பாலாடை மாதிரி மெல்லிய வளையம் ஒன்று நிற்கும். அந்த வளையத்தில்தான் வெள்ளை அணுக்கள். அதை உறிஞ்சி எடுத்துக் கழுவி, கிருமிகளின் துண்டுகளை முன்னால் போட்டு, அந்த அணுக்கள் என்ன செய்கின்றன என்று பார்ப்பது என் பிழைப்பு. பக்கத்துத் தட்டில் பெரியவர்களின் அணுக்களுக்கும் அதே விருந்து வைப்போம். குழாய் திறந்திருக்கும்போது எங்கள் அறையில் யாரும் பேசக் கூடாது. மாஸ்க் போட்டிருந்தாலும் கூடாது. நான் அந்த வேலையில் நீடிப்பதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

குழந்தையின் அணுக்கள் என்றால், பெரியவர்களின் அணுக்களையே சின்னதாக, சோனியாக நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை, அது வேறு ரகம். பெரியவர்களுடையது நிதானமாகக் கிளம்பும், ஆனால் பழைய பகையை மறக்காது. ஒரு தடவை வந்த கிருமியை அடையாளம் வைத்துக்கொண்டு அடுத்த தடவை வாசலிலேயே மடக்கும். பிறந்த குழந்தையுடையது கூப்பிட்டவுடன் முன்னால் ஓடும், ஓடிக் களைக்கும், நடந்ததைச் சரியாக ஞாபகம் வைத்துக்கொள்ளாது. அதோடு, வயிற்றுக்குள் இருந்தவரை அம்மாவின் உடம்போடு மல்லுக்கு நிற்காமல் இருக்கப் பழகியவை. வெளியே வந்த பிறகும் அந்தச் சாதுக் குணம் கொஞ்ச நாள் இருக்கும்; குடலில் குடியேற வேண்டிய நல்ல கிருமிகளை விரட்டாமல் விட வேண்டுமே. அதனால் பெரிய ரகளை நடக்காது, ரகளை இல்லாததால் காய்ச்சலும் பல சமயம் வராது. திருடன் வீட்டுக்குள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பான், நாய் குரைக்காது.

இதை வீட்டில் எத்தனை முறை விளக்கியிருப்பேன்! தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம்.

தங்கச்சியின் வீடு நாலாவது மாடியில். ஹாலில் சோபா, சோபாவுக்குப் பின்னால் படுக்கையறை, அங்கே கட்டிலை ஒட்டித் தொட்டில். நான் லீவு போட்டுவிட்டு வந்து முதல் வேலையாக வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டேன். அதன் மேல் சோப்புத் திரவம், பக்கத்தில் பேப்பர் துண்டுகள். வந்தவர்கள் எல்லோரும் அதைக் கையில் பிழிந்துகொண்டு குளியலறைக்குப் போய்க் கையை முழங்கை வரை கழுவிவிட்டுத்தான் தொட்டில் பக்கம் போகலாம். நகத்தைக் காட்டச் சொல்வேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் போல வரிசையில் நின்று விரலை நீட்டுவார்கள், பின்னால் போய் என்னைப் பற்றிச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், எனக்கென்ன.

எனக்குப் பெரிய தலைவலி எச்சில் மாமா. தங்கச்சி வீட்டுக்காரருக்குத் தாய்மாமன், ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். எச்சில் மாமா என்று பெயர் வைத்தது நான்தான், மனசுக்குள். டிக்கெட் கிழித்த காலத்தில் விரலை நக்கிப் பழகிய மனிதர். இப்போது செய்தித்தாளின் ஒவ்வொரு பக்கத்துக்கும் நாக்கை நீட்டுவார். பேச ஆரம்பித்தால் எதிரே இருப்பவர் குடை பிடிக்க வேண்டும். சாப்பிட்டு முடித்ததும் பல்செட்டைக் கழற்றித் தண்ணீர் குடித்த டம்ளரிலேயே அலசுவார், அலசிய தண்ணீரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்ப்பார். அதில் மிதப்பதை நானும் ஒரு தடவை பார்த்துத் தொலைத்தேன். அன்று என்னால் சாப்பிட முடியவில்லை. இந்த வாய் தொட்டிலை நோக்கி வந்தால் நான் கண்கொத்திப் பாம்பாக நடுவில் நிற்பேன்.

"ஏம்மா, நான் என்ன தொற்று நோய்க்காரனா? கை கழுவியாச்சு, பாரு" என்று ஈரக் கையை என் முகத்துக்கு நேராக ஆட்டினார்.

"கை சரி மாமா. வாயை அந்தப் பக்கம் வச்சுக்கோங்க."

"வாயை எங்கம்மா கழட்டி வைக்க? பல்லை வேணா கழட்டலாம்."

அவரே சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சிரிப்போடு வந்த சாரல் என் கண்ணாடியில் விழுந்தது. அதை அவருக்கு எதிரிலேயே துடைத்தேன், துடைத்த காகிதத்தை இரண்டு விரலால் பிடித்துக் குப்பையில் போட்டேன். அவர் முகம் சுண்டிப்போனது. எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.

அந்த வீட்டில் என் கட்சிக்காரர் ஒரே ஒருவர்தான்: மாப்பிள்ளை, பல் டாக்டர். நாள் முழுக்க மற்றவர்களின் வாயைத் திறந்து பார்த்துப் பிழைக்கிற மனிதர், எப்படித்தான் செய்கிறாரோ. ஆனால் சுத்தம் என்றால் அப்படி ஒரு சுத்தம். கிளினிக்கிலிருந்து மாஸ்க்கோடு வருவார், செருப்பை வெளியே விடுவார், சட்டையை மாற்றுவார், நான் சொல்லாமலே முழங்கை வரை கழுவுவார். அதன் பிறகுதான் மாஸ்க்கைக் கழற்றி மகளைத் தூக்குவார். அழகாகக் கத்தரித்த மீசையும் தாடியும், பக்கத்தில் வந்தால் புதினா வாசனை. அவரை நான் ஒரு நாளும் நிறுத்தி வைத்துச் சோதித்ததில்லை. எங்கள் இருவருக்கும் தொழில் மாஸ்க்குக்குப் பின்னால் நடப்பது. நமக்குச் சொல்லியா தர வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

ஒரு மத்தியானம் எச்சில் மாமா தொட்டிலில் குனிந்ததைப் பார்த்துப் பாய்ந்துபோய் அவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துவிட்டேன். மனிதர் தடுமாறிக் கட்டிலில் உட்கார்ந்தார். வீடு கலவரமானது. அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது.

தங்கச்சி அழுதுகொண்டே என்னிடம், "அக்கா, வர்றவங்களை எல்லாம் புழுவைப் பார்க்கற மாதிரி பார்க்கறே. வீட்ல ஒருத்தரும் நிம்மதியா இருக்க முடியல. நீ பெத்திருந்தா இப்படி இருக்க மாட்டே" என்றாள்.

அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் எங்கே வைத்திருந்தாளோ, சரியான நேரம் பார்த்து எடுத்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு சமையலறைக்குப் போய், கழுவிய பாத்திரங்களையே மறுபடி கழுவினேன்.

அடுத்து வந்த நாட்களில் குழந்தை சாதுவானது. அப்படித்தான் வீட்டில் சொன்னார்கள். அழுவதில்லை, எழுந்திருப்பதில்லை. மார்பில் வைத்தால் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு வாயை விட்டுவிடும். நான் அதன் உள்ளங்காலைச் சுண்டினேன். காலை இழுத்துக்கொள்ளும் வேகம் இல்லை. உடம்பு கொஞ்சம் ஜில்லென்று இருந்தது.

"இவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகணும்" என்றேன்.

"எதுக்கு? காய்ச்சல் இல்லையே" என்று தங்கச்சி தெர்மாமீட்டரை நீட்டினாள்.

"இல்லாததுதான் பயமா இருக்கு. இந்த வயசுல காய்ச்சல் வரணும்னு கட்டாயம் கிடையாது. பால் குடிக்கல, அசையல, உடம்பு ஜில்லுன்னு இருக்கு. வேற என்ன வேணும் உனக்கு?"

எச்சில் மாமா சோபாவிலிருந்து, "நல்லாத் தூங்கற குழந்தையைக் கெடுக்காதீங்க. உடம்பு சரியில்லன்னா அதுவே அழும்" என்று ஒரு பக்கத்தைப் புரட்டினார். நாக்கு, விரல், காகிதம்.

"அழாது மாமா! அழறதுக்குத் தெம்பு இருந்தாத்தானே அழும்!" என்று நான் கத்திய கத்தலில் அவர் செய்தித்தாளைக் கீழே போட்டார். பல் டாக்டர் அப்போதுதான் கிளினிக்குக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார், மாஸ்க் முகத்தில் ஏறியிருந்தது. குழந்தையைத் தொட்டுப் பார்த்தவர் உடனே கார்ச் சாவியை எடுத்தார். எனக்கு அவர் மேல் இருந்த மதிப்பு இன்னும் ஒரு படி ஏறியது.

ஆஸ்பத்திரியில் குழந்தைகள் பிரிவு டாக்டர் என் தங்கச்சி வயதுப் பெண். பேச்சு குறைவு, கை வேகம். குழந்தையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துச் சூடேற்றி, நரம்பு தேடி ஊசி குத்தி, ரத்தம் எடுத்து, முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுத்தார். பிறகு எங்கள் நாலு பேரையும் ஒரு சின்ன அறைக்குள் கூப்பிட்டார். மேஜை, இரண்டு நாற்காலி, கதவில் ஒரு கீற்றுக் கண்ணாடி. நாற்காலியின் கைப்பிடியில் யாரோ ஒட்டவைத்துவிட்டுப் போன சூயிங்கம். நான் நின்றுகொண்டேன்.

"தொற்றுதான்னு நினைக்கிறேன்" என்றார். "வழக்கமா வர்ற பாக்டீரியாவுக்கு மருந்து ஆரம்பிச்சாச்சு. ஆனா கல்லீரல் ரிப்போர்ட் சரியில்ல. அதனால ஒண்ணு கேட்கணும். குழந்தைகிட்ட வந்தவங்க யாருக்காவது சமீபத்துல உதட்டுல கொப்புளம், புண் ஏதாவது?"

அவர் கேட்பது ஹெர்பிஸ் வைரஸைப் பற்றி. ஊரில் பாதிப் பேரிடம் இருப்பது. 'சூட்டுக் கொப்புளம்' என்று பெயர் வைத்து, எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு மறந்துபோவார்கள். பெரியவர்களின் அணுக்கள் அதை உதட்டோடு மடக்கி வைத்திருக்கும். பிறந்த குழந்தைக்குள் அதை மடக்க ஆளில்லை. ஈரலுக்கும் மூளைக்கும் வழி திறந்தே கிடக்கும். ஒரு முத்தம் போதும். அதற்கென்று தனி மருந்து இருக்கிறது. ஆனால் எவ்வளவு சீக்கிரம் ஏற்றுகிறோம் என்பதில்தான் குழந்தை பிழைக்குமா என்பது இருக்கிறது.

"இவர்தான்!" என்று எச்சில் மாமாவைக் காட்டினேன். "இவர் வாயைப் பாருங்க டாக்டர். தொட்டில்ல தலையை விட்டுக்கிட்டே இருந்தார். நான் எத்தனை தடவை சொன்னேன்!"

மாமா மேஜைக்கு முன்னால் வந்து, பல்செட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, வாயை 'ஆ' என்று திறந்தார். டாக்டர் டார்ச் அடித்தார், உதட்டைப் புரட்டினார், ஈறு முழுக்கப் பார்த்தார். நானும் பார்த்தேன். பார்க்கச் சகிக்கவில்லை. கறை, குழி, நாக்கில் ஓர் அங்குலப் படிவு. ஆனால் புண் இல்லை, காய்ந்த தழும்பும் இல்லை.

"உங்களுக்கு எப்பவாவது உதட்டுல வந்திருக்கா?"

"என் ஆயுசுல வந்ததில்லம்மா" என்றார் பல் இல்லாத வாயால்.

டாக்டர் தங்கச்சியைப் பார்த்தார், அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பல் டாக்டரைப் பார்த்தார், அவர் சுவரில் தொங்கிய கடிகாரத்தைப் பார்த்தார். நான் விடவில்லை. "பிரசவ வார்டுல யாராவது இருக்கலாம். மேல் வீட்டு அம்மா ஒருத்தி வந்து கொஞ்சிட்டுப் போனா, மூக்கைச் சிந்தின கையோட. அப்புறம் எதிர் வீட்டு..."

"நீங்க கொஞ்சம் வெளியில இருங்க" என்றார் டாக்டர்.

"நானா? நான் இந்த அணுக்களோடதான் வேலை செய்றேன். எனக்குத் தெரியாததா..."

"அதுக்குத்தான் சொல்றேன். ப்ளீஸ், வெளியில இருங்க. ஐயாவும்."

என்னை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள். அவமானத்தில் காது சூடானது. மாமா நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து பல்லை மாட்டிக்கொண்டார். அவர் பக்கத்தில் உட்கார எனக்கு மனமில்லை. கதவின் கண்ணாடிக் கீற்றுக்குப் பக்கத்தில் நின்றேன்.

"ஒண்ணு சொல்லட்டுமா?" என்றார் மாமா. "நான் அந்தக் குழந்தைக்கு முத்தம் கொடுத்ததே இல்ல. என் வாய் லட்சணம் எனக்குத் தெரியாதா? எம் பொண்டாட்டியே பக்கத்துல விடமாட்டா. பாதத்தை மோந்து பார்ப்பேன், அவ்வளவுதான்." சொல்லிவிட்டுத் தொண்டையைக் காறினார், துப்ப இடமில்லாமல் விழுங்கினார்.

நான் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். உள்ளே டாக்டர் ஒன்றும் கேட்காமல் பேனாவை மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தார். தங்கச்சி தன் வீட்டுக்காரரின் முழங்கையைத் தொட்டாள். அவர் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கினார். டாக்டர் டார்ச்சை எடுத்துக்கொண்டு எழுந்தார். மாப்பிள்ளை மீசையை விரலால் விலக்கிக் காட்டிய இடத்தில், உதட்டு ஓரமாக, காய்ந்த தேன் நிறத்தில் ஒரு பொருக்கு.

பல் டாக்டர்! அது என்ன என்று தெரியாத ஆளா அவர்? நோயாளியின் உதட்டில் அதைப் பார்த்தால் ஆறிய பிறகு வா என்று திருப்பி அனுப்புகிற மனிதர். தனக்கு வந்ததும் கிளினிக்கில் நாள் முழுக்க மாஸ்க்கைக் கழற்றாமல் முன்பின் தெரியாத வாய்களைக் காப்பாற்றியிருக்கிறார். பிறகு வீட்டுக்கு வந்து, கையைக் கழுவி, மாஸ்க்கைக் கழற்றி, மகளுக்கு முத்தம் கொடுத்திருக்கிறார். கிருமி என்பது கிளினிக்கோடு சேர்ந்த சமாச்சாரம், வீட்டு வாசலில் செருப்போடு விட்டுவிடலாம் என்ற நினைப்பு. புதினா வாசனையை நினைத்தேன். மாமாவின் டம்ளர் தண்ணீர் அதைவிட எவ்வளவோ மேல்.

தங்கச்சிக்கும் தெரிந்திருக்கிறது. அவர் முழங்கையைத் தொட்ட விதத்திலேயே தெரிந்தது.

கதவைத் திறந்துகொண்டு டாக்டர் வேகமாக வார்டை நோக்கி நடந்தார், போகிற போக்கிலேயே நர்ஸிடம் மருந்தின் பெயரைச் சொன்னார். திரும்பி வந்தபோது நான் வழியை மறித்தேன்.

"மருந்து ஏற ஆரம்பிச்சாச்சு" என்றார். "சீக்கிரமே வந்திருக்கீங்க. கூட்டிட்டு வரச் சொன்னது நீங்கதான்னு சொன்னாங்க, நல்ல காரியம்."

"அவர் வாயில பூட்டுப் போட்டிருந்தாரா டாக்டர்? நீங்க முதல்ல கேட்டப்பவே ஏன் சொல்லல?"

"யாரைச் சொல்றீங்க?" என்றார் டாக்டர். பிறகு குரலைத் தணித்தார். "உங்ககிட்ட சொல்ல மாட்டேன்னு வாக்குக் கொடுத்துத்தான் நான் பதிலே வாங்கினேன். கொப்புளம் வந்த அன்னிக்கே சொல்லணும்னு நினைச்சாங்களாம். நீங்க வாசல்ல சோப்போட நிக்கறதைப் பார்த்துப் பயந்து மறைச்சிட்டாங்களாம். அதுக்கு மேல என்கிட்ட கேட்காதீங்க."

அவர் போய்விட்டார். எனக்கு யாரிடமாவது கத்த வேண்டும் போலிருந்தது, கத்துவதற்கு எதிரே இருந்தது மாமா மட்டும். அவர் பெஞ்சில் வாயைப் பிளந்து தூங்கிவிட்டிருந்தார்.

குழந்தை பிழைத்தது. சொல்ல இவ்வளவுதான், ஆனால் அந்த நாட்களை நான் திரும்ப வாழ மாட்டேன். மருந்து சொட்டுச் சொட்டாக ஏறியது. ஒரு தடவை வலிப்பு வந்து அடங்கியது. பிறகு ஒரு காலையில் நர்ஸ் வெளியே வந்து, "உங்க பொண்ணு பசிக்குதுன்னு வார்டையே எழுப்பிட்டா" என்றார். தங்கச்சி உள்ளே ஓடினாள். நடைபாதையில் நானும் பல் டாக்டரும்தான்.

அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். புது மாஸ்க், மழிக்காத கன்னம். தரையைப் பார்த்தபடியே கேட்டார்:

"அக்கா... யாருன்னு டாக்டர் உங்ககிட்ட சொன்னாங்களா?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க என்னிடம் நூறு கேள்வி இருந்தது. ஆனால் அந்த வைரஸ் அவர் உதட்டை விட்டு ஒரு நாளும் போகப்போவதில்லை. நரம்புக்குள் சுருண்டு கிடந்து, தூக்கம் கெட்டால், காய்ச்சல் அடித்தால், மறுபடி எழுந்து வரும். உள்ளே இருப்பவளின் அணுக்கள் சண்டை கற்றுக்கொள்ள இன்னும் நாள் இருக்கிறது. மறுபடி வரும்போது இந்த மனிதர் அதை யாரிடமாவது சொல்லியாக வேண்டும்.

"சொல்லல" என்றேன். "எனக்குத் தெரியவும் வேண்டாம். யாரா இருந்தாலும், மறுபடி வந்தா அன்னிக்கே டாக்டருக்கு ஒரு போன் போடச் சொல்லுங்க. ஆறுற வரைக்கும் வீட்லயும் மாஸ்க் போடச் சொல்லுங்க. ஏன் எதுக்குன்னு நான் கேட்க மாட்டேன்."

அவர் மூச்சை விட்டார். தோள் இரண்டும் கீழே இறங்கின.

"சரிக்கா. அவங்ககிட்ட சொல்லிடறேன்" என்றார், அது யாரோ மூன்றாம் மனுஷர் போல.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். "சொல்லிடுங்க மாப்பிள்ளை" என்றேன்.